நண்பன் சொன்ன முன்னேற்றக் கதை: பட் ஷுல்பெர்க்கின் ஹாலிவுட் நாவல்

பட் ஷுல்பெர்க் எழுதிய ‘வாட் மேக்ஸ் சாம்மி ரன்?’ என்ற ஆங்கில நாவல் 1941இல் நியூயார்க்கின் ரேண்டம் ஹவுஸ் வெளியீடாக வந்தது. சாம்மி கிளிக் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் பிறந்தவன். பதினாறு வயதில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்கிறான். அங்கிருந்து ஹாலிவுட்டுக்குப் போய்த் திரைக்கதை எழுத்தாளனாகி, தயாரிப்பாளனாகி, கடைசியில் ஒரு பெரிய ஸ்டுடியோவின் தலைமை நாற்காலியிலேயே அமர்கிறான். இந்தக் கதையைச் சொல்பவன் சாம்மி அல்லன். அதே நாளிதழில் நாடகப் பத்தி எழுதிவந்த ஆல் மான்ஹைம்தான் சொல்கிறார். தன் உற்ற நண்பர் என்று சாம்மி பார்ப்பவரிடமெல்லாம் அறிவிப்பது இவரைத்தான்.

ஏழை பணக்காரனான கதை என்றும், திரைத்தொழிலைத் தோலுரித்த கதை என்றும் இந்நாவலைப் பற்றிப் பேசுவது வழக்கம். இரண்டும் சரியே. ஆனால் இரண்டையும் தாங்கி நிற்பது மூன்றாவது ஒன்று: இது நட்பைப் பற்றிய நாவல். அவையோர் முன் வைக்கப்படும் மையக் கருத்து இதுதான்: மேலே ஏறியவனின் கதையை ஷுல்பெர்க் நண்பனின் பொறுப்பில் விட்டதால், வெற்றிக் கணக்கில் எங்கும் பதிவாகாத இழப்புகள் இங்கே பதிவாகின்றன. அந்த இழப்புகளுக்குச் சாம்மியின் கெட்ட குணத்தைக் காரணம் காட்டிவிட்டு நாவல் ஓய்ந்துவிடுவதும் இல்லை. ஒருவரின் உழைப்பிலிருந்து அவர் பெயரைப் பிரித்தெடுத்து இன்னொருவருக்குச் சூட்ட இடம்தரும் தொழில் ஏற்பாடு எங்கே இருக்கிறதோ, அங்கே நட்பு பிழைப்பது கடினம் என்பதே அதன் கண்டுபிடிப்பு. இக்கருத்தைக் கீழே வரும் எண்ணிட்ட பகுதிகள் விரிக்கின்றன.

1. முன்னேற்றக் கதையின் பழைய அச்சு

அமெரிக்காவில் ஏழைச் சிறுவன் முன்னுக்கு வரும் கதைக்கு ஒரு நிலைத்த வடிவம் கொடுத்தவர் ஹொரேஷியோ ஆல்ஜர். 1868இல் நூலாக வந்த ‘ராக்டு டிக்’ அவருடைய புகழ்பெற்ற படைப்பு. நியூயார்க் தெருக்களில் காலணிக்கு மெருகிடும் அநாதைச் சிறுவன் டிக், நேர்மையாலும் உழைப்பாலும் மரியாதையான வேலை ஒன்றை அடைகிறான். அதே வார்ப்பில் ஆல்ஜர் அடுத்தடுத்துக் கதைகள் எழுதினார். தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் அவற்றைப் படித்து வளர்ந்தார்கள்.

அந்தக் கதையில் நட்புக்கு உள்ள இடத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். டிக்குக்குச் சரிவர எழுதப் படிக்கத் தெரியாது. படித்த, ஆனால் தங்க இடமில்லாத ஃபாஸ்டிக் என்ற சிறுவனைத் தன் வாடகை அறையில் சேர்த்துக்கொள்கிறான். ஃபாஸ்டிக் அவனுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித் தருகிறான். இருவரும் சேர்ந்தே மேலே வருகிறார்கள். பிறகு நீரில் விழுந்த ஒரு குழந்தையை டிக் காப்பாற்ற, அதன் தந்தை அவனுக்கு எழுத்தர் வேலை தருகிறார். ஆக, ஆல்ஜரின் உலகத்தில் நண்பன் ஏறுவதற்குத் துணை. ஏறிய பிறகும் அவன் கூடவே இருக்கிறான்.

ஷுல்பெர்க் இந்த அச்சை அப்படியே எடுத்துக்கொண்டார். தெருவில் வளர்ந்த பையன் இருக்கிறான், ஓயாத உழைப்பு இருக்கிறது, கைதூக்கிவிடும் பெரிய மனிதர் இருக்கிறார், முதலாளி மகளோடு திருமணமும் இருக்கிறது. வரிசை பழையது. ஒவ்வொரு படியிலும் சாம்மி ஒரு நண்பரை இழக்கிறான் என்பதே புதியது. அவன் உழைப்பாளி இல்லை என்று நாவல் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆலைவிடப் பல மடங்கு ஓடி உழைப்பவன் அவன். உழைப்புக்குப் பலன் கிடைக்கிறது. அதன் விலையை வேறு யாரோ கட்டுகிறார்கள்.

2. எழுதியவர் நின்ற இடம்

ஷுல்பெர்க் 1914இல் நியூயார்க்கில் பிறந்து ஹாலிவுட்டில் வளர்ந்தவர். தந்தை பி. பி. ஷுல்பெர்க் பாரமவுன்ட் ஸ்டுடியோவின் தயாரிப்புத் தலைவராக இருந்தவர். தாய் அடலின் ஜாஃபி கலைஞர்களுக்கு வாய்ப்புத் தேடித்தரும் ஏஜென்டாகத் தொழில் நடத்தினார். ஸ்டுடியோவின் வாசலில் காத்துக் கிடந்து உள்ளே வந்தவரல்லர் ஷுல்பெர்க்; அதன் உள்ளே விளையாடித் திரிந்தவர். எம்ஜிஎம் நிறுவனத்தின் உயர்நிலைத் தயாரிப்பாளர் ஹாரி ராஃபின் மகன் மாரிஸ் ராஃப் அவருடைய இளமைத் தோழர். இருவரும் டார்ட்மவுத் கல்லூரியில் ஒன்றாகப் படித்தார்கள், 1934இல் சோவியத் ஒன்றியத்துக்கு ஒன்றாகப் போய்வந்தார்கள், இடதுசாரி நம்பிக்கையோடு திரும்பினார்கள்.

1936இல் பட்டம் பெற்றுத் திரைக்கதைத் துறையில் நுழைந்த ஷுல்பெர்க், 1939இல் ‘வின்டர் கார்னிவல்’ படத்துக்காக எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டுடன் சேர்ந்து எழுத நியமிக்கப்பட்டார். தலைமுறையின் பெரிய நாவலாசிரியர் ஒருவர் ஸ்டுடியோவின் வாரக்கூலி எழுத்தாளராகக் குறுகி நிற்பதையும், குடியால் தள்ளாடி அந்த வேலையையும் இழந்து வெளியேற்றப்படுவதையும் அவர் பக்கத்திலிருந்து பார்த்தார். அந்த அனுபவம் 1950இல் ‘தி டிஸன்சான்டட்’ நாவலாயிற்று. சாம்மி கிளிக் முதலில் ‘லிபர்ட்டி’ இதழில் சிறுகதையாகத் தலைகாட்டினான். நாவலாக வளர்ந்து அச்சேறியபோது ஆசிரியர் இருபதுகளில்தான் இருந்தார். ஏழ்மையிலிருந்து எழுந்தவனின் கதையைச் செல்வத்தில் வளர்ந்தவர் எழுதினார் என்பதை ஒரு குறையாகச் சொல்லத் தோன்றலாம். ஆனால் ஏறிவருபவர்களை மேலிருந்து வரவேற்ற வீடு அவருடையது. யார் எப்படி ஏறினார்கள், யார் தோளை மிதித்து ஏறினார்கள் என்பது அந்த வீட்டில் அன்றாடப் பேச்சு.

3. கதையைச் சொல்லும் நண்பன்

ஆல் மான்ஹைம் கனெக்டிகட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த யூத குருவின் மகன். நல்லவர், நிதானமானவர், பெரிய ஆசைகள் இல்லாதவர். அவருடைய கையெழுத்துப் படியை அச்சுக்கூடத்துக்குக் கொண்டுபோகும் வேலை சாம்மிக்கு. ஒருநாள் போகிற வழியில் சாம்மி அந்தப் பத்தியில் கைவைக்கிறான். நிர்வாக ஆசிரியர் அவன் சாமர்த்தியத்தில் மயங்கி அவனுக்கே ஒரு பத்தியைத் தந்துவிடுகிறார். ஆலுக்குச் சாம்மி தந்த முதல் அடி இது. அடுத்த கணமே அவரைத் தன் நண்பர் என்று அழைப்பவனும் அவன்தான்.

ஆல் ஏன் விலகிப்போகவில்லை? நாவலின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. வெறுப்பும் வியப்பும் அவருக்குள் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கின்றன. சாம்மியின் சுரண்டலைக் கண்டிக்கிறார். ஆனாலும் அவன் அழைக்கும் விருந்துக்குப் போகிறார். அவன் பிறரை ஏமாற்றியதை அறிந்திருக்கிறார், ஊரறியச் சொல்வதில்லை. பின்னர் அவன் கீழேயே எழுத்தாளராக வேலையும் பார்க்கிறார். அறம் தெரிந்த மனிதர் ஒருவர், அறம் தெரியாத நண்பனின் வெற்றிக்குச் சாட்சியாக இருந்து இருந்தே அதில் பங்காளியாகிவிடுவதை ஷுல்பெர்க் மறைக்காமல் காட்டுகிறார். சாம்மியே தன் கதையைச் சொல்லியிருந்தால் அது வெற்றி வாக்குமூலமாகியிருக்கும். பொதுவான ஒரு குரல் சொல்லியிருந்தால் வெறும் கண்டனமாகியிருக்கும். நண்பன் சொல்வதால்தான் வாசகரும் சாம்மியை வெறுத்துத் தள்ளிவிட முடியாமல் தவிக்கிறார்.

தன்னைத் தொந்தரவு செய்யும் ஒரு மனிதனைப் புரிந்துகொள்ளாமல் விட மாட்டேன் என்கிற பிடிவாதம் ஆலுக்கு உண்டு. நட்பின் மிச்சம் என்று அவரிடம் கடைசிவரை இருப்பது அதுதான். நாவலின் தலைப்பிலுள்ள கேள்வி ஆல் கேட்கும் கேள்வி. சாம்மிக்கு நின்று கேட்க நேரம் இல்லை.

4. டைட்டில் கார்டில் யார் பெயர்?

ஜூலியன் புளும்பெர்க் கூச்சமும் திறமையும் உள்ள ஏழை இளைஞர். தான் எழுதிய கதையைப் பத்திரிகைக்காரனான சாம்மியிடம் நம்பிக் கொடுக்கிறார். சாம்மி அதைத் தன் பெயரில் ஏஜென்ட் மைரன் செல்ஸ்னிக்குக்கு அனுப்புகிறான். செல்ஸ்னிக் கற்பனைப் பாத்திரமல்லர். அக்கால ஹாலிவுட்டில் எழுத்தாளர்களுக்கும் நடிகர்களுக்கும் பெரும் சம்பளம் பேசித்தந்த நிஜ ஏஜென்ட். ‘கேர்ள் ஸ்டீல்ஸ் பாய்’ என்ற அந்தக் கதை பத்தாயிரம் டாலருக்கு விலைபோகிறது. படம் வெளியாகும்போது திரையில் வருவது சாம்மியின் பெயர் மட்டுமே. பிறகு ஜூலியனும் ஹாலிவுட்டுக்கு வருகிறார். சாம்மி அவருக்கு மறைவாக ஒரு சிறு தொகை கொடுத்துத் தனக்கு எழுதித்தரும் ஆளாக வைத்துக்கொள்கிறான்.

திருட்டு இதோடு முடியவில்லை. ‘லைவ் வயர்’ என்று சாம்மி பெயரில் ஒரு நாடகம் மேடையேறுகிறது. அது ‘தி ஃப்ரன்ட் பேஜ்’ என்ற பிரபல நாடகத்துக்கு வேறு சட்டை மாட்டியது. ஆலைத் தவிர யாரும் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. படிக்காத புத்தகங்களைப் பற்றியும் சாம்மி தயங்காமல் பேசுகிறான், கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள்.

இங்கே தொழிலின் நடைமுறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால் சாம்மி ஒரு தனி அயோக்கியனாகத் தோன்றி மறைவான். 1930களில் ஸ்டுடியோக்கள் எழுத்தாளர்களை வாரச் சம்பளத்திலோ நீண்ட ஒப்பந்தத்திலோ அமர்த்தின. ஏழாண்டு ஒப்பந்தம் என்று பெயர் இருக்கும். இடையிடையே அதைத் தொடர்வதா முறிப்பதா என்று முடிவெடுக்கும் உரிமை ஸ்டுடியோவுக்கு மட்டுமே. எழுதியதன் பதிப்புரிமையும் ஸ்டுடியோவுக்கே. எம்ஜிஎம்மின் இர்விங் தால்பெர்க் முதலானோர் ஒரே கதையைப் பல எழுத்தாளர்களிடம், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே நேரத்தில் கொடுத்து எழுதவைத்தார்கள். இத்தனை கை பட்ட கதைக்கு டைட்டில் கார்டில் யார் பெயர் போவது என்பதைத் தயாரிப்பாளரே தீர்மானித்தார். அந்தப் பெயரை வைத்துத்தான் அடுத்த படமும் அடுத்த சம்பளமும்.

இப்படி ஒரு ஏற்பாட்டில் பக்கத்து அறையில் இருக்கும் சக எழுத்தாளர் தோழரா போட்டியாளரா என்பதே தெரியாது. கதை விவாதத்தில் நண்பரிடம் சொன்ன ஒரு யோசனை மறுநாள் அவர் யோசனையாகத் தயாரிப்பாளர் காதுக்குப் போகலாம். மனம்விட்டுப் பேசுவதே நட்பின் அடிப்படை. இந்தத் தொழிலில் மனம்விட்டுப் பேசுபவர் பிழைப்பை இழக்கிறார். சாம்மி செய்தது ஏற்கெனவே உள்ள வழக்கத்தை வெட்கமின்றிக் கடைசிவரை கொண்டுபோனது மட்டுமே. ஜூலியனின் நம்பிக்கையைக் காசாக்கும் சந்தை அவன் வருமுன்பே திறந்திருந்தது.

5. சங்கம்: நட்புக்கு ஒரு சட்ட வடிவம்

நாவலின் நடுப்பகுதியில் திரை எழுத்தாளர் சங்கத்தின் போராட்டம் வருகிறது. விறுவிறுப்பைத் தேடும் வாசகர்கள் இப்பகுதியைத் தாண்டிப் போவதுண்டு. விமர்சகர்களும் இதைக் காலப் பின்னணி என்ற அளவில் விட்டுவிடுகிறார்கள். இது நாவலின் மையம் என்பது இவ்வுரையின் துணிபு.

வரலாறு இது. 1933 மார்ச்சில், அமெரிக்க வங்கிகள் மூடிக்கிடந்த நாட்களில், ஸ்டுடியோக்கள் எட்டு வாரங்களுக்குப் பாதிச் சம்பளம் என்று அறிவித்தன. அதன் சூட்டில் அதே ஆண்டு எழுத்தாளர்கள் சங்கம் அமைத்தார்கள். நாடகாசிரியர் ஜான் ஹோவர்ட் லாசன் அதன் தலைவரானார். 1935இல் வந்த வாக்னர் சட்டம் தொழிலாளர்கள் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை உறுதிசெய்தது. 1936இல் நியூயார்க் எழுத்தாளர் அமைப்புகளோடு இணைந்து வலுப்பெறச் சங்கம் முயன்றபோது தயாரிப்பாளர்கள் சீறினார்கள். அதிகச் சம்பளம் வாங்கிய ஒரு பிரிவினர் விலகி, முதலாளிகளுக்கு இசைவான போட்டி அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். சங்கம் அநேகமாகச் சிதறிப்போனது. தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 1938இல் நடத்திய வாக்கெடுப்பில் அது மீண்டும் வென்றது. 1942இல்தான் முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகியது. யார் பெயர் திரையில் வரவேண்டும் என்று முடிவுசெய்யும் பொறுப்பு அப்போது சங்கத்தின் கைக்கு வந்தது.

நாவலில் கிட் சார்ஜன்ட் என்ற நாவலாசிரியை சங்கத்தின் முன்னணியில் நிற்கிறார். இதற்குள் ஹாலிவுட்டுக்கு வந்து எழுத்தாளராகிவிட்ட ஆலைச் சங்கத்துக்குள் இழுப்பவரும் அவர்தான். கிட்டின் பாத்திரம் எளிமையானதல்ல. ஆல் தன்னை விரும்புவது தெரிந்தும், சாம்மியின் வெறித்தனமான வேகத்தில் ஈர்க்கப்பட்டுச் சில காலம் அவனோடு பழகியவர். அந்த ஈர்ப்பைத் தனக்குத் தானே ஆராய்ந்து பார்த்து வெளிவந்தவரும்கூட. சங்கப் போராட்டத்தைச் சாம்மி முதலாளிகளின் நம்பிக்கையைச் சம்பாதிக்கும் வாய்ப்பாகக் காண்கிறான். சங்கத்தோடு நின்ற ஆல் வேலையிழந்து நியூயார்க் திரும்ப நேர்கிறது.

ஜூலியனுக்கு நேர்ந்த அநியாயத்தைத் தனிமனித நல்லெண்ணத்தால் தீர்க்க முடியாது என்று ஆல் உணரும் இடம் இது. நண்பன் ஒருவனை நம்பிக் கதையைக் கொடுப்பவனுக்கு, அந்த நண்பன் யோக்கியனாக இல்லாதபோதும் காப்பு இருக்க வேண்டும். சங்கம் கேட்டது அதைத்தான். முகம் தெரியாத சக எழுத்தாளரிடமும் நண்பரைப் போல நடந்துகொள்ளக் கட்டாயப்படுத்தும் விதி அது. நூல் அச்சானபோது அந்த விதி இன்னும் எழுத்தில் வரவில்லை என்பதை நினைத்துப் படித்தால் இந்த அத்தியாயங்களின் சூடு புரியும்.

6. ரிவிங்டன் தெரு

வேலையிழந்த ஆல் நியூயார்க்கில் சாம்மியின் பிறப்பிடத்தைத் தேடிப் போகிறார். கீழ்க்கிழக்குப் பகுதியில் உள்ள ரிவிங்டன் தெரு. 1880களுக்குப் பின் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குவிந்த யூதக் குடும்பங்கள், காற்றும் வெளிச்சமும் இல்லாத அடுக்குக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அங்கே சாம்மியின் பெயர் ஷ்மெல்கா கிளிக்ஸ்டைன். அவன் தாயையும் அண்ணன் இஸ்ரேலையும் ஆல் சந்திக்கிறார். அதே வீட்டில், அதே வறுமையில் வளர்ந்த இஸ்ரேல் அக்கம்பக்கத்துக்கு உழைத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார்.

இந்த அத்தியாயம் நாவலின் மிகச் சிறந்த பகுதி. வறுமை மனிதர்களை ஒன்றுசேர்க்கும் என்ற ஆறுதல் நம்பிக்கையை ஷுல்பெர்க் இங்கே கழற்றி வைக்கிறார். பசிக்கும் கும்பலில் ஒவ்வொரு சிறுவனும் அடுத்தவனைத் தள்ளியே ஒரு வாய் சோறு பெற வேண்டியிருக்கிறது. ஏழைகளுக்கிடையே நிலவும் இந்த ஒழுங்கின்மைதான் சாம்மிக்களை உண்டாக்கும் இயந்திரம் என்று ஆல் கண்டுகொள்கிறார். ஆனால் இஸ்ரேலும் அந்த இயந்திரத்திலிருந்தே வந்தவர். எனவே சூழலே எல்லாம் என்று சொல்லிக் கேள்வியை மூடிவிடவும் முடியாது. ஆசிரியர் இந்த இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

பள்ளி நாட்களில் சாம்மியை அடித்துத் துன்புறுத்தியவன் ஷீக். இப்போது அவனே பெவர்லி ஹில்ஸ் மாளிகையில் சாம்மியின் சொந்த வேலைக்காரன். இளமைத் தெருவிலிருந்து சாம்மி தன்னோடு எடுத்துவந்த ஒரே உறவு இது. பழிவாங்கலும் பழைய தோழமையும் சம்பளத்தில் ஒன்றாகிப்போன இந்த உறவைப் பற்றி ஷுல்பெர்க் அதிகம் எழுதவில்லை. இன்னும் எழுதியிருக்கலாம்.

7. ஃபைன்மனும் திருமண இரவும்

மீண்டும் ஹாலிவுட். சாம்மி இப்போது தயாரிப்பாளன். ஆலும் கிட்டும் அவனுக்காகப் படங்கள் எழுதுகிறார்கள். சாம்மிக்கு மேலே இருக்கும் சிட்னி ஃபைன்மன் படத்தொழிலை உண்மையாக நேசிப்பவர், சாம்மியைக் கைதூக்கிவிட்டவர். ஆல்ஜர் கதையில் வரும் புரவலரின் இடம் இவருடையது. தொடர்ந்து சில படங்கள் தோற்க, ஃபைன்மனின் பதவி ஆட்டம் காண்கிறது. நிதி போட்டவர்களின் சார்பில் வால் ஸ்ட்ரீட் வங்கியாளர் ஹாரிங்டன் வருகிறார். ஃபைன்மனுக்காக அவரிடம் வாதாடுவது ஆல். அதே நேரத்தில் அந்த நாற்காலியைத் தனதாக்கிக்கொள்வது சாம்மி. பதவி போன ஃபைன்மன் 56 வயதிலேயே இறந்துபோகிறார்.

சாம்மி ஹாரிங்டனின் மகள் லாரெட்டைக் காண்கிறான், அவளிடம் உண்மையாகவே மனத்தைப் பறிகொடுக்கிறான். மாளிகைத் தோட்டத்தில் ஊரே வியக்கும் திருமணம். அன்றிரவே, தானே வேலைக்கு எடுத்த நடிகன் ஒருவனோடு மனைவி இருப்பதைக் காண்கிறான். இந்தத் திருமணம் ஒரு வியாபாரம்தானே என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறாள். சாம்மி பிறரிடம் கடைப்பிடித்த கணக்கை அவனிடமே திருப்பிக் காட்டியவள் அவள்.

அந்த நேரத்தில் சாம்மி தொலைபேசியில் அழைப்பது ஆலைத்தான். காவலர்களும் வேலைக்காரர்களும் நிறைந்த அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருக்க அவனால் முடியவில்லை. ஆல் உடனே வருகிறார். சாம்மி உடைந்து நிற்பதை முதன்முறையாகப் பார்க்கிறார். வாழ்நாளெல்லாம் வெறும் பேச்சாகச் சொல்லிவந்த நட்பைச் சாம்மி உண்மையிலேயே நாடிய ஒரே இரவு இது. அதுவும் நீடிக்கவில்லை. ஒரு விலைமாதை அழைத்துவரும்படி அவன் ஷீக்குக்கு உத்தரவிடுகிறான். ஆல் தன் காரில் வீடு திரும்புகிறார். தண்டனை எப்போது வரும் என்று காத்திருந்த வாசகருக்கு நாவல் தருவது இதை மட்டுமே: சாம்மி விழமாட்டான், இப்படியே ஓடிக்கொண்டிருப்பான். ஆல்ஜர் மரபின் வெற்றி முடிவையும் அறநூல் மரபின் தண்டனை முடிவையும் ஒருசேர மறுக்கும் இந்த முடிவுக்கு மிகுந்த துணிச்சல் வேண்டும்.

8. வெளியான பின்

நூலை வெளியிட்டால் இனி இந்த ஊரில் வேலை கிடைக்காது என்று தந்தையே எச்சரித்ததாக ஷுல்பெர்க் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவருக்கு வேலை தந்திருந்த தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் அவரை நீக்கினார். அவரை நாடுகடத்த வேண்டும் என்று எம்ஜிஎம் அதிபர் லூயிஸ் பி. மேயர் கொதித்தார் என்றும் ஷுல்பெர்க் பதிவுசெய்திருக்கிறார். பேராசைபிடித்த யூதன் என்ற வசைக்கு இந்நூல் தீனி போடுகிறது என்ற வருத்தமும் எழுந்தது. ஐரோப்பாவில் யூதர்கள் வேட்டையாடப்பட்ட ஆண்டு அது. அந்த வருத்தம் நியாயமானது. சாம்மியிடம் ஏமாந்தவர்களும் யூதர்களே என்பது ஷுல்பெர்க்கின் மறுமொழி. ஆல், ஜூலியன், ஃபைன்மன், நியூயார்க்கில் கைவிடப்பட்ட காதலி ரோசலி கோல்ட்பாம் ஆகியோரை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் அந்த மறுமொழியின் பலம் தெரியும். சாம்மி துரோகம் செய்தது தன் சொந்த மக்களுக்கு.

இன்னொரு பகை இடதுபக்கத்திலிருந்து வந்தது. ஷுல்பெர்க் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். நாவலைக் கட்சியின் மேற்பார்வையில் திருத்தி எழுதும்படி, சங்கத் தலைவராக இருந்த லாசனும் கட்சிப் பொறுப்பாளர் வி. ஜே. ஜெரோமும் நெருக்கினார்கள் என்பது அவர் சாட்சியம், அதனால்தான் கட்சியிலிருந்து விலகினார். கட்சிப் பத்திரிகையில் சார்ல்ஸ் க்ளென் முதலில் நூலைப் புகழ்ந்து எழுதினார், பிறகு அதை மறுத்து இன்னொரு விமர்சனம் எழுதினார்.

9. 1951

அவையோரே, நட்பை அளவுகோலாகக் கொண்ட ஒரு நூலைப் பற்றிப் பேசும்போது, அதை எழுதியவர் பின்னாளில் செய்ததைச் சொல்லாமல் விட முடியாது. 1951 மே மாதம், கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்கக் கீழவையின் விசாரணைக் குழு முன் தோன்றிய ஷுல்பெர்க், கட்சியில் தன்னோடு இருந்தவர்களின் பெயர்களைச் சொன்னார். அக்குழுவின் முன் பெயர் சொல்லப்பட்டவர்களுக்கு ஹாலிவுட்டில் வேலை கிடைக்காது என்பது அன்று எல்லோரும் அறிந்ததே. கருத்துச் சுதந்திரத்தை நசுக்கிய கட்சிக்குத் தாம் கடன்பட்டவரல்லர் என்பது அவர் வாதம். கடைசிவரை அதில் உறுதியாக இருந்தார். அவர் இளமைத் தோழர் மாரிஸ் ராஃபும் இப்படி வேலை மறுக்கப்பட்டவர்களின் கறுப்புப் பட்டியலால் திரைவாழ்வை இழந்தவர்களில் ஒருவர்.

1954இல் எலியா கஸான் இயக்கிய ‘ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்’ படத்துக்கு ஷுல்பெர்க் எழுதிய கதைக்கும் திரைக்கதைக்கும் ஆஸ்கார் கிடைத்தது. துறைமுகத் தொழிலாளி ஒருவன் தன் கூட்டத்தாருக்கு எதிராகச் சாட்சி சொல்லும் கதை அது. கஸானும் 1952இல் பெயர் சொன்னவர் என்பதால் இருவரும் தங்கள் செயலுக்கு நியாயம் கற்பித்த படம் என்று பலர் வாசித்தார்கள். ஷுல்பெர்க் அதை ஏற்கவில்லை. 1965இல் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் கறுப்பின மக்களின் கலகம் வெடித்த பின், அங்கே போய் எழுத்துப் பட்டறை தொடங்கி இளைஞர்களை எழுதவைத்தவரும் அவரே. இவற்றை ஒன்றோடொன்று கழித்து ஒரே தீர்ப்புக்குள் அடைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆல் மான்ஹைமின் மனச்சாட்சியை எழுதியவருக்கும் நட்பின் சோதனை எளிதாக இருக்கவில்லை என்பது மறைக்கக் கூடாத உண்மை.

10. நண்பனை விட்டுவிட்ட வாசிப்பு

நாவல் 1949இல் தொலைக்காட்சி நாடகமாயிற்று. 1959இல் என்பிசி தொலைக்காட்சி அதைப் புதிதாக இரு பாகங்களில் ஒளிபரப்பியது. 1964இல் பிராட்வேயில் ஸ்டீவ் லாரன்ஸ் நடிக்க இசை நாடகமாக 540 முறை மேடையேறியது. திரைப்படமாக மட்டும் வரவில்லை. ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம் உரிமை வாங்கி, நடிகர் பென் ஸ்டில்லரின் பெயர் அடிபட்டபோதும் அது நடக்கவில்லை. 2009இல் ஷுல்பெர்க் காலமானார்.

முதுமையில் அவரை அதிகம் கலங்கவைத்தது எதிரிகளின் கோபமல்ல, புதிய ரசிகர்களின் பாராட்டு. 1980களில் இளைஞர்கள் அவரிடம் வந்து, வாழ்க்கையில் முன்னேறச் சாம்மி தங்களுக்கு வழிகாட்டி என்று நன்றி சொன்னார்கள். எச்சரிக்கையாக எழுதியதை அவர்கள் கையேடாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதை நூலின் தோல்வி என்று சொல்வதற்கில்லை. சாம்மியின் வேகத்தை அவ்வளவு கவர்ச்சியாக எழுதியவர் ஷுல்பெர்க்கே. ஆலையும் கிட்டையும் இழுத்த அதே கவர்ச்சி வாசகரையும் இழுக்கிறது. அந்த இளைஞர்கள் படித்தது சாம்மியின் படிக்கட்டை மட்டும். ரோசலி ஆலிடம் வந்து நிற்கும் பக்கங்களையும், ஜூலியன் தன் பெயரில்லாத தன் படத்தை எதிர்கொள்ளும் பக்கங்களையும், ஃபைன்மனுக்காக ஆல் வாதாடும் பக்கங்களையும் அவர்கள் வேகமாகப் புரட்டியிருக்க வேண்டும். கதையைச் சொல்பவரின் குரலோடு சேர்த்துப் படிப்பவருக்கு அந்தப் பக்கங்களே இந்நாவலின் பெரும்பகுதி.